கொழுந்து பறிக்கும் கைகளும் நம் கதைகளும்

இலக்கியம் காலத்தின் கண்ணாடி என்பர். ஏலப்பாறையின் தேயிலைச் சரிவுகளில் வேரூன்றிய தமிழ்க் குடும்பத்தினராகிய நாம், அக்கண்ணாடியில் நம் வீட்டுப் பெண்களின் முகம் எவ்வாறு தெரிகிறது என நோக்குதல் தகும்.

புதுமைப்பித்தன் 1935இல் எழுதிய 'துன்பக்கேணி'யின் மருதி, பிழைப்பை நாடி இலங்கைத் தோட்டத்திற்குச் சென்று துரையின் இச்சைக்கு இரையாகிறாள். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியலின் ஆங்கில நாவல் 1969இல் வெளிவந்தது, இரா. முருகவேள் அதனை 'எரியும் பனிக்காடு' எனத் தமிழாக்கினார். அதில் கருப்பனும் வள்ளியும் ஆசை வார்த்தைகளை நம்பி மலையேறி மீளமுடியாது சிக்குகின்றனர். இரண்டும் நெஞ்சை உலுக்கும் படைப்புகள், ஐயமில்லை.

எனினும் ஒன்று கூறவேண்டும். இவற்றில் பெண்ணின் கண்ணீர் ஒலிக்கும் அளவிற்கு அவளது தொழில் ஒலிக்கவில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளும் விரல்களின் தேர்ச்சியே தேயிலையின் தரத்தைக் காக்கிறது. அத்தேர்ச்சியை நாம் 'பெண்களுக்கு இயல்பானது' என்று சொல்லிச் சொல்லியே மலிவாக்கிவிட்டோம். கவாத்து, மருந்தடிப்பு, ஆலைவேலை ஆகியவை ஆணுக்கு; கூடை பெண்ணுக்கு; மேற்பார்வையும் பெரும்பாலும் ஆணுக்கே. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்றது. வேலையே இரண்டாகப் பிரிந்து கிடக்குமிடத்தில் அச்சட்டம் எதனை எதனோடு ஒப்பிட்டிருக்க முடியும்? மாலையில் கூடையை இறக்கியவளுக்கு லயத்தில் அடுப்பு வேறு காத்திருக்கிறது; அவ்வேலைக்குக் கூலியும் இல்லை, பெயரும் இல்லை.

இலக்கியம் காட்டத் தவறியதை 2015 செப்டம்பரில் மூணாறு காட்டிற்று. இருபது விழுக்காடு போனஸும், 232 ரூபாயாக இருந்த நாட்கூலியை 500 ஆக்குதலும் கேட்டுப் பெண்கள் சாலையில் அமர்ந்தனர். ஆண்கள் தலைமை தாங்கிய தொழிற்சங்கங்களை விலக்கிவைத்து, 'பெம்பிளை ஒருமை' என்னும் பெயரில் தாமே பேசினர். கேட்ட இருபது விழுக்காடு கிட்டியது; கூலியோ அடுத்த மாதம் 301 ரூபாயளவிலேயே நின்றது. வெற்றி பாதியே; ஆயினும் மருதிக்கும் வள்ளிக்கும் வாய்க்காத குரல் அன்று ஒலித்தது.

அக்குரலுக்கு ஈடான நாவல் இனி எழவேண்டும். அதனை எழுதும் உரிமை, கூடை சுமந்த தாயின் தோளைக் கண்டு வளர்ந்த நம் பெண்மக்களுக்கே முதலில் உண்டு. அவர்கள் கையில் எழுதுகோலைத் தருவது நம் கடன்.