அரியலூரில் ஒரு நாட்டிலஸ்

2001 ஜனவரி 1-ல் பெரம்பலூரிலிருந்து அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். அடுத்த வருஷமே திரும்பச் சேர்த்தார்கள். 2007 நவம்பரில் மறுபடி பிரித்தார்கள். லினக்ஸ் உலகில் இதற்கு 'ஃபோர்க்' என்று பெயர். அங்கே இது வாரம் ஒருமுறை நடக்கும். கலெக்டர் ஆபீஸ் கட்ட வேண்டாம் என்பதுதான் வித்தியாசம். டெபியனிலிருந்து உபுண்டு பிரிந்தது 2004-ல். உபுண்டுவிலிருந்து மின்ட் 2006-ல். அதே டெபியனை எடுத்து, இந்திய மொழிகளைச் சேர்த்து, சென்னை சி-டாக்கில் 2007-ல் கொண்டுவந்ததுதான் 'பாஸ்'. விரித்தால், பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்.

2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் முதலில் கொடுத்த பெட்டிகளில் இரண்டு குடித்தனம். ஒரு போர்ஷனில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், இன்னொன்றில் பாஸ். இந்த ஸ்டார்ட்டர் மகா கஞ்சம். திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற விடாது. பாஸிலோ எதை வேண்டுமானாலும் மாற்றலாம். தமிழ் உண்டு, காசு கிடையாது. நியாயமான போட்டி என்றால் பாஸ் ஜெயித்திருக்க வேண்டும். நடந்தது என்ன? பிள்ளைகள் பஸ் ஸ்டாண்டு பக்கத்து சர்வீஸ் கடைக்குப் போய், "அண்ணே, இந்த லினக்ஸைத் தூக்கிட்டு ஒரிஜினல் விண்டோஸ் போட்டுக் குடுங்க" என்றார்கள். 'ஒரிஜினல்' என்றால் திருட்டு சி.டி.!

பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். பாஸ் மோசமான சரக்கும் இல்லை. ஆனால், ஒரு டிஸ்ட்ரோவை அதன் அழகை வைத்து எடைபோடக் கூடாது. ராத்திரி பத்து மணிக்கு வைஃபை வேலை செய்யாவிட்டால் யாரைக் கேட்பது? அதுதான் பரீட்சை. அந்தக் கேள்வியை உபுண்டுவுக்குத் தேடினால் ஆயிரம் பேர் பதில் சொல்லியிருப்பார்கள். பாஸுக்கு அந்தக் கூட்டம் சேரவே இல்லை. உபுண்டு ஏப்ரல், அக்டோபர் என்று தீபாவளி மலர் மாதிரி தவறாமல் வரும். பாஸின் ஆறாவது பதிப்பு 2015-ல், ஏழாவது 2018-ல். சரி, பாடப் புத்தகமாவது கை கொடுத்ததா? 2018-ல் வந்த புதிய பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் விண்டோஸோடு உபுண்டுவைச் சொல்லிக் கொடுத்தார்கள். கையில் கொடுத்தது ஒன்று, படிக்கச் சொன்னது இன்னொன்று.

பக்கத்தில் கேரளாவைப் பாருங்கள். அவர்களும் டெபியன், உபுண்டுவை எடுத்துத் தங்களுக்கேற்பத் தைத்துக்கொண்டவர்கள்தான். ஆனால், முதலில் வாத்தியார்களுக்குப் பயிற்சி, அப்புறம் பாடம், பத்தாம் வகுப்பு ஐ.டி. பரீட்சையும் அதிலேயே. பரீட்சையில் வந்துவிட்டால் எந்தப் பிள்ளையும் அதை அழிக்காது. நம்மிடமும் ஆள் இல்லாமல் இல்லை. சி.உமாசங்கர் எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் அந்த அலுவலகத்தையே சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். முதலில் தான் சாப்பிட்டுப் பார்த்து, பிறகு பரிமாறினார். பள்ளிக்கூட விஷயத்தில் அந்த வரிசை தவறிவிட்டது.

பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். அக்காவுக்கு 2012-ல் கிடைத்த லேப்டாப், ரெண்டு ஜி.பி. ராம். விண்டோஸ் 11 ஏறாது. கடைக்காரர் "காயலான் கடைக்குப் போடும்மா" என்கிறாராம். புதுசு வாங்க வீட்டில் வழியில்லை. 'எந்த லினக்ஸ் சார்? எந்த டெஸ்க்டாப்?'

போடாதேம்மா. க்னோம், கே.டி.ஈ. இரண்டும் கண்ணுக்கு லட்சணம்தான். ஆனால் உன் ரெண்டு ஜி.பி.க்கு க்னோம் வேண்டாம். எக்ஸ்.எஃப்.சி.ஈ. என்று ஒன்று 1996-லிருந்து இருக்கிறது. அலட்டல் இல்லாத டெஸ்க்டாப். கீழே பட்டை, மூலையில் மெனு. அதோடு லினக்ஸ் மின்ட் வருகிறது. அதுவும் மூச்சு வாங்கினால் லுபுண்டு. பென் டிரைவில் போட்டு, ஹார்டு டிஸ்கைத் தொடாமலே ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். கல்யாணத்தில் இந்த வசதி கிடையாது. நிஜமாக ராமைத் தின்பது டெஸ்க்டாப் அல்ல, ப்ரவுசர். பத்து டாப் திறக்காதே. கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் ராமை நாலாக்கு, பழைய ஹார்டு டிஸ்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போடு. எதையும் அழிக்கும் முன் அக்காவின் போட்டோக்களைக் காப்பி எடுத்துவிடு.

ஒரு எச்சரிக்கை. டேலி படித்து ஆடிட்டர் ஆபீஸ் வேலைக்குப் போகும் எண்ணம் என்றால் லினக்ஸ் போதாது. டேலி விண்டோஸ் சரக்கு. இதை லினக்ஸ் பக்தர்கள் சொல்ல மாட்டார்கள்.

க்னோமில் ஃபைல்களைத் தேடிக் கொடுக்கும் புரோகிராமுக்கு 'நாட்டிலஸ்' என்று பெயர். சுருள் ஓட்டுக் கடல் பிராணி. அதன் ஒன்றுவிட்ட உறவான அம்மோனைட்டுகள் கல்லாக உறைந்து, பெரம்பலூர் மாவட்டம் காரையிலும் அரியலூர் சுண்ணாம்புச் சுரங்கங்களிலும் கிடைக்கின்றன. இது கடலாக இருந்த காலத்தவை, பத்துக் கோடி வருஷத்துச் சமாசாரம். க்னோம்காரர்கள் 2012-ல் மெனுவில் அந்தப் பெயரை எடுத்துவிட்டு, வெறும் 'ஃபைல்ஸ்' என்று மாற்றிவிட்டார்கள்.