சிந்துபாதும் ஒரு குறுந்தகடும்

குழந்தைகள் பார்க்கும் படைப்புகளைத் திறனாய்வுக்கு உரியவையாகக் கருதும் வழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. கவிதைக்கும் புதினத்திற்கும் பக்கங்களை ஒதுக்கும் நாம், நம் பிள்ளைகள் மணிக்கணக்கில் பார்க்கும் கார்ட்டூன் படங்களைச் 'சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம்' என்று தள்ளிவிடுகிறோம். அல்லது 'எல்லாம் கேடு' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். இரண்டுமே படத்தைப் பார்க்காமல் வழங்கப்படும் தீர்ப்புகள்.

சென்ற கோடை விடுமுறையில் கும்மிடிப்பூண்டியில் நம் சகோதரி வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தோம். சிப்காட் தொழிற்பேட்டையைச் சார்ந்து வாழும் பல குடும்பங்களைப் போல அவ்வீட்டின் பொழுதும் 'ஷிப்ட்' கணக்கில் நகர்வது. மைத்துனர் இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குவார். அவர் உறக்கம் கலையாதிருக்கப் பிள்ளைகளை ஓரிடத்தில் அமர்த்தியாக வேண்டும். அதற்கென இருப்பவை ஒரு பழைய டிவிடி பிளேயரும், மூர் மார்க்கெட் வளாக நிலையத்தில் கும்மிடிப்பூண்டி மின்ரயில் ஏறும் முன் நடைபாதையில் என்றோ வாங்கிய சில தகடுகளும்தாம்.

அவற்றுள் ஒன்று பழைய கார்ட்டூன்களின் தொகுப்பு. உறையில் பூனையும் எலியும். உள்ளே பெரும்பாலும் மாலுமி பாப்பாய். படங்களின் பெயர்கள் இல்லை, ஆண்டு இல்லை, ஆக்கியோர் பெயர்ப் பட்டியலும் நறுக்கப்பட்டிருந்தது. நிறம் மங்கிய ஒரு படம் தொடங்கியதும், 1980களின் இறுதியில் வாடகை விசிஆரில் நாம் கைகொட்டிப் பார்த்த அதே படம் அது என்று தெரிந்துகொண்டோம். பாப்பாய் கீரையை விழுங்கித் தீவின் தலைவனைத் துவைத்தெடுத்தபோது பிள்ளைகளும் கைகொட்டினார்கள். படம் முடிந்ததும் ஒன்பது வயதுச் சிறுமி கேட்டாள்: "மாமா, சிந்துபாத் கெட்டவனா? அவன் பேரு நம்ம ஆளுங்க பேரு மாதிரி இருக்கே?"

இக்கட்டுரை அக்கேள்விக்கு நாம் தேட முனைந்த விடையே.

கலையும் திரிபும்

அந்தப் படம் 1936இல் அமெரிக்காவில் மேக்ஸ் ஃப்ளைஷரின் நிறுவனம் ஆக்கிய 'மாலுமி பாப்பாய் மாலுமி சிந்துபாதைச் சந்திக்கிறான்'. சுமார் 16 நிமிடங்கள் ஓடும் வண்ணப்படம். ஆஸ்கர் பரிசுக்கு முன்மொழியப்பட்டது. 2004இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது. இச்சிறப்புகள் தகுதியானவையே. தாளில் வரைந்த பாத்திரங்களின் பின்னே, சுழலும் மேடையில் உண்மையான சிற்றுருக் காட்சிகளை அமைத்துப் படம்பிடித்திருக்கிறார்கள். அதனால் சிந்துபாதின் குகைக்கும் பாறைகளுக்கும் கிடைக்கும் ஆழம், இன்றைய கணினிப் படங்களுக்குப் பழகிய பிள்ளைகளையும் இருக்கையின் நுனிக்குக் கொண்டுவந்தது. கலை என்ற அளவில் இதனைக் குறைத்துரைப்பது நேர்மையாகாது.

ஆனால் கதை? ஆயிரத்தொரு இரவுகளோடு சேர்த்து வழங்கும் சிந்துபாத் கதையில் அவன் பக்தாத் நகர வணிகன். ஏழு கடற்பயணங்களில் பட்ட இன்னல்களை, ஏழைச் சுமைகூலி ஒருவனைத் தன் விருந்தினனாக அமர்த்திச் சொல்பவன். நாள்தோறும் நூறு பொற்காசுகள் கொடுத்தனுப்புபவன். செல்வம் எத்துணைத் துன்பத்தின் வழியே வந்தது என்பதையும், இறைவன் நாடினாலன்றிக் கரை இல்லை என்பதையும் ஒரு செல்வன் ஓர் ஏழைக்குக் கணக்குச் சொல்வதே அக்கதையின் உயிர்நாடி.

படம் இதிலிருந்து எடுத்துக்கொண்டவை இரண்டு: திமிங்கிலத்தின் முதுகில் அமைந்த தீவும், ருக் எனும் பெரும்பறவையும். எடுத்தவற்றையும் தலைகீழாக்கியது. மூலத்தின் ஐந்தாம் பயணத்தில், தோழர்கள் ருக்கின் முட்டையை உடைத்து உண்கின்றனர். சிந்துபாத் தடுத்தும் அவர்கள் கேட்கவில்லை. பறவைகள் பாறையை வீசிக் கப்பலை உடைக்கின்றன. பேராசைக்கு விழுந்த அடி அது. படத்திலோ சிந்துபாதே தன் பறவையை ஏவிப் பாப்பாயின் கப்பலைத் தகர்த்து, பெண்ணைக் கவர்ந்துவரச் செய்கிறான். தீங்கைத் தடுத்தவன் தீங்கை ஏவுபவனாக்கப்பட்டான்.

மறு ஆண்டு, 1937இல், இதே நிறுவனம் அலிபாபா கதையை எடுத்தது. தலைப்பே 'அலிபாபாவின் நாற்பது திருடர்கள்' என்கிறது. ஏழை விறகுவெட்டிக்குத் திருடர்கள் உடைமையாகிவிட்டனர்! அபூ ஹஸன் எனும் கொள்ளைத் தலைவனும் பாப்பாயும் மோத, விறகுவெட்டியின் எளிமைக்கும் மர்ஜானாவின் அறிவுக்கும் அங்கே இடமில்லை.

தமிழ் அறிந்த சிந்துபாத்

இது மேற்கின் கைபட்டதால் நேர்ந்தது என்று மட்டும் கூறி அமைய இயலாது. நம் மண்ணிலும் இக்கதைகள் மாறித்தான் வழங்கின. ஆனால் வேறு திசையில் மாறின. 1956இல் மாடர்ன் தியேட்டர்ஸ் வெளியிட்ட 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தில் எம்.ஜி.ஆர். அலிபாபாவாகவும் பானுமதி மர்ஜியானாவாகவும் தோன்றினர். தமிழகம் அலிபாபாவைத் தன் நாயகனாகவே ஏற்றது. தினத்தந்தியில் 1960களிலிருந்து வளர்ந்துவந்த 'கன்னித்தீவு' சித்திரத் தொடரின் நாயகன் சிந்துபாத் அல்லவா? முடியாத செயலுக்குக் 'கன்னித்தீவு' என்று பெயர் சூட்டும் அளவுக்கு அத்தொடர் மக்கள் மொழியில் கலந்தது. தேநீர்க் கடைகளில் அதனைப் படித்தவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர். அவர்களுக்கு அப்பெயர் அச்சத்தையோ அருவருப்பையோ தரவில்லை, வீரத்தையே தந்தது.

ஆகவே நம் தந்தையர் கண்ட சிந்துபாத் வேறு; இன்று ஒரு தகட்டின் வழியே நம் பிள்ளைகள் காண்பவன் வேறு. இவ்வேறுபாட்டை எடுத்துச் சொல்ல எவரும் அருகில் இல்லை என்பதே நம் கவலை.

வெட்டுவதா, குறிப்பெழுதுவதா?

இத்தகைய படங்களை என்ன செய்வது என்பதில் மேற்கிலும் இரு வழிகள் உள்ளன. டிஸ்னியின் 'அலாவுதீன்' 1992இல் வந்தபோது, அதன் தொடக்கப் பாடல் அரபு மண்ணைக் கொடுமையின் நாடாகச் சித்திரிப்பதாக அமெரிக்க அரபு அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. 1993இல் வெளியான வீட்டு ஒளிநாடாவில் பாடலின் இரண்டு வரிகள் மாற்றப்பட்டன. அம்மண்ணைக் காட்டுமிராண்டித்தனமானது என்னும் சொல் மட்டும் எஞ்சியது. நாடாவை வாங்கிய குழந்தைக்கு, மாற்றம் நிகழ்ந்ததும் தெரியாது. ஏன் நிகழ்ந்தது என்பதும் தெரியாது. பிழை மறைந்தது, படிப்பினையும் உடன் மறைந்தது.

மற்றொரு வழி, 2005இல் வார்னர் நிறுவனம் வெளியிட்ட 'லூனி டியூன்ஸ்' தொகுப்பில் காணப்படுவது. கறுப்பின நடிகை வூப்பி கோல்ட்பர்க் தோன்றி, இப்படங்களில் உள்ள இன இழிவுகள் அன்றும் தவறே, இன்றும் தவறே. ஆயினும் இவற்றை மறைப்பது அவை நிகழவே இல்லை என்று கூறுவதற்கு ஒப்பாகும் என்ற கருத்தை முன்வைக்கிறார். படம் வெட்டப்படாமல் இருக்கிறது. அதன் குற்றமும் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகிறது.

இவ்விரண்டாம் வழி நம் அறிவு மரபுக்குப் புதியதன்று. ஹதீஸ் கலை அறிஞர்கள் புனைந்துரைக்கப்பட்ட அறிவிப்புகளைக் கண்டபோது அவற்றைச் சுவடின்றி அழிக்க முனையவில்லை. ஹிஜ்ரி 597இல் மறைந்த இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவற்றைத் திரட்டி, 'அல்-மவ்ளூஆத்' எனும் நூலில் அவை ஏன் பொய் என்று எழுதிவைத்தார். அதனாலன்றோ பின்வந்த இமாம் ஸுயூத்தி (ரஹ்) போன்றோர் அவருடைய தீர்ப்புகளையே மறு ஆய்வு செய்ய இயன்றது! மார்க்க ஆதாரத்தையும் கேளிக்கைப் படத்தையும் ஒரே தட்டில் வைப்பது நம் நோக்கமன்று. முறையை மட்டுமே சுட்டுகிறோம்: எங்கிருந்து வந்தது, யார் வழியாக வந்தது, எங்கே திரிந்தது என்று கேட்டுப் பழகிய சமுதாயம் நாம்.

இந்த அளவுகோலின்படி, நடைபாதைத் தகட்டின் பெருங்குறை அதில் சிந்துபாத் வில்லனாக இருப்பதன்று. பெயரும் ஆண்டும் நறுக்கப்பட்டு, ஸனது இல்லாத செய்தியாக அவன் வந்து நிற்பதே. பாப்பாயின் அக்கால வண்ணப்படங்கள் பதிப்புரிமைக் காப்பை இழந்தவை. யார் வேண்டுமானாலும் படியெடுக்கலாம். எனவே மலிவுத் தொகுப்புகளில் அவை பெருகின. 2007 ஜூலையில் சீர்செய்யப்பட்ட முறையான பதிப்பு அமெரிக்காவில் வந்தது; நம் வீடுகளுக்கு வந்ததோ மங்கிய படி. இன்று தகடு மறைந்து கைப்பேசி வந்துவிட்டது. அங்கும் இப்படங்கள் பெரும்பாலும் இதே முகவரியற்ற நிலையிலேயே உலவுகின்றன.

பிள்ளைக்குச் சொன்ன விடை

தகட்டைப் பறித்து உடைத்திருந்தால் சிறுமியின் கேள்வி அவள் நெஞ்சிலேயே தங்கியிருக்கும். நாம் மீண்டும் படத்தை ஓடவிட்டோம். பறவை பாறையைத் தூக்கும் இடத்தில் நிறுத்தி, முட்டையின் கதையைச் சொன்னோம். ஆறாம் பயணத்தில் சிந்துபாத் ஸரந்தீபை அடைவதையும், அந்நாட்டு மன்னர் கலீஃபா ஹாரூன் ரஷீதுக்குப் பரிசில்கள் அனுப்புவதையும் சொன்னோம். ஸரந்தீப் என்பது இலங்கை என்றதும் பிள்ளைகளுக்கு வியப்பு. கதை சட்டென்று நம் கடலுக்கு வந்துவிட்டது.

மறுநாள் பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்கு அழைத்துச் சென்றோம். அரபு மண்ணிலிருந்து மரக்கலங்களில் வந்தோரின் வழித்தோன்றல்கள் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் முஸ்லிம்கள் வாழும் ஊர் அது. தொழுகை நேரம் அறிய நிழற்கடிகாரம் அமைந்த பள்ளிவாசலும் அங்குண்டு. "சிந்துபாத் இங்கே வந்தானா?" என்று கேட்டார்கள். அவன் கதையில் வருபவன். அவனைப் போன்ற வணிகர்கள் வந்தார்கள் என்றோம்.

ஊர் திரும்பும் முன் ஒரு தாளில் படத்தின் பெயர், ஆக்கிய ஆண்டு, ஆக்கியோர், மூலக்கதையில் மாற்றப்பட்டவை ஆகியவற்றை எழுதி, தகட்டின் உறைக்குள் வைத்துவிட்டு வந்தோம். பிள்ளைகள் இன்னும் அப்படத்தைப் பார்க்கிறார்கள். பாப்பாயின் கீரைக்குக் கைகொட்டுகிறார்கள் என்று சகோதரி கூறினார். கொட்டட்டும். பறவை வரும் இடத்தில் மட்டும் சிறுமி தம்பியிடம், "நிஜக் கதையில இப்படி இல்ல" என்று சொல்கிறாளாம்.