முழு மனிதரை அறிதல்: பால் புரூய்சரின் நூல் பற்றிய மறுநோக்கு

'முழு மனிதர்' என்னும் சொற்றொடர் மனநல மருத்துவத்திலும் திருச்சபையின் மேய்ப்புப் பணியிலும் இன்று தாராளமாக வழங்கிவருகிறது. அதனை மறுப்பார் எவருமிலர். ஆயினும் உளநோயுற்ற ஒருவரை முழுமையாக அறிதல் என்பது யாது, அதில் போதகருக்குரிய பங்கு எத்தகையது என்னும் வினாக்களுக்குத் தெளிவான விடை அரிதாகவே கிடைக்கிறது. அமெரிக்காவின் டோபீகா நகரில் மெனிஞ்சர் நிறுவனத்தில் பணியாற்றிய உளவியலறிஞர் பால் புரூய்சர் 1976இல் வெளியிட்ட 'தி மினிஸ்டர் அஸ் டயக்னாஸ்டிஷியன்' என்னும் சிறு நூல் இவ்வினாக்களை நேர்முகமாகச் சந்திக்கிறது. போதகரும் நோயறிபவரே என்பது அதன் துணிபு.

இந்நூலின் பின்னணியை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். 1920இல் தாமே கடும் உளநோயுற்று மருத்துவமனையில் வைக்கப்பட்ட ஆன்டன் பாய்சன், 1924இல் ஊஸ்டர் அரசு மனநல மருத்துவமனையின் குருவானார். மறு ஆண்டில் இறையியல் மாணவரை அங்கே வரவழைத்துப் பயிற்றுவித்தார். நூல்களைப் பயில்வது போலவே துன்புறும் மனிதரையும் பயில வேண்டும் என்பது அவர் கருத்து. இப்பயிற்சி பரவியதனால் போதகர் பலர் உளவியலறிவு பெற்றனர். எனினும் ஒரு தலைமுறைக்குப்பின், மருத்துவரோடு அமர்ந்து கலந்துரையாடிய போதகர்கள் உளவியலாரின் சொற்களையே இரவல் வாங்கிப் பேசியதைப் புரூய்சர் கண்டார். தம் மரபின் சொற்கள் இத்தகைய அவைக்கு ஏற்றவையல்ல என்று அவர்கள் எண்ணினர் போலும். மக்களோ, இறைநம்பிக்கையின் ஒளியில் தங்கள் நிலை யாது என்று அறியவே போதகரிடம் வருகின்றனர் என்கிறார் அவர்.

இதற்கு அவர் காட்டும் வழி சிந்தனைக்குரியது. உடல் மருத்துவருக்கு, உள்ளம் உளவியலாருக்கு, ஆவி போதகருக்கு என்று மனிதரைப் பங்கிடுதல் தவறு. ஒவ்வொரு துறையும் முழு மனிதரையே காண்கிறது; ஆனால் தனக்குரிய கோணத்திலிருந்து காண்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980இல் வெளியிட்ட நோய்வகைக் கையேட்டின் மூன்றாம் பதிப்போடு இதனை ஒப்பிடலாம். உளநோய், ஆளுமைக் கோளாறும் வளர்ச்சிக் குறைபாடும், உடல்நோய், வாழ்க்கை நெருக்கடிகளின் கடுமை, கடந்த ஓராண்டில் எய்திய உயர்ந்த செயல்திறன் என ஐந்து அச்சுகளில் நோயாளியை மதிப்பிட அது வழிவகுத்தது. நோக்கம் நன்று, ஆயின் கடைசி இரண்டும் கட்டாயமாக்கப்படவில்லை. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு இம்முறையையே கைவிட்டது. படிவத்தில் கட்டங்களைப் பெருக்குவதனால் முழுமை வந்துவிடாது என்பதற்கு இது சான்று.

போதகரின் கோணத்திற்கெனப் புரூய்சர் ஏழு கருப்பொருள்களைத் தருகிறார்: பரிசுத்தத்தைப் பற்றிய உணர்வு, கடவுளின் பராமரிப்பு, விசுவாசம், கிருபையும் நன்றியுணர்வும், மனந்திரும்புதல், ஐக்கியம், அழைப்புணர்வு. இவற்றின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். தமக்கு மன்னிப்பே இல்லை என்று ஒருவர் இடைவிடாது புலம்புகிறார். மருத்துவர் அதனை மனச்சோர்வு நோயின் அறிகுறியாகக் காண்கிறார். போதகர் அதில் கிருபையைப் பற்றிய ஒரு கூற்றைக் கேட்கிறார். இரண்டும் ஒருங்கே உண்மையாயிருக்கலாம். மருத்துவர் கோணத்தை விடுத்த போதகர், நோயுற்றவரிடம் மேலும் பாவ அறிக்கையைக் கேட்டு அவர் சுமையைக் கூட்டுவார். தம் கோணத்தை விடுத்த போதகரோ, அவர் கேட்ட வினாவுக்கு விடையளியாமலே திரும்புவார்.

ஆயினும் இந்நூலில் இரு குறைகள் உண்டு. ஏழு கருப்பொருள்களும் பெரும்பாலும் தனிமனிதரின் அகத்தையே நோக்குகின்றன. கடன், வேலையின்மை, சாதி இழிவு, குடும்ப வன்முறை ஆகியவை ஒருவரது விசுவாசத்தையும் அழைப்புணர்வையும் நொறுக்கும் விதம் இங்குப் போதிய இடம் பெறவில்லை. அடுத்து, போதகரின் தன்னம்பிக்கையை மீட்பதில் கருத்தூன்றிய ஆசிரியர், சமயக் கோணம் தனித்து ஆளும்போது விளையும் கேட்டைப் போதிய அளவு எச்சரிக்கவில்லை. நம் மாநிலத்தில் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் தீப்பற்றியபோது, தர்காவை நாடி அழைத்துவரப்பட்டுச் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த உளநோயாளர் 28 பேர் மாண்டனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை முற்றிலும் தடைசெய்கிறது. இதனை ஒரு சமயத்தாரின் குறையென்று தள்ளிவிடலாகாது. விசுவாசத்தின் பெயரால் மருந்தை நிறுத்தச் சொல்வோரும், உளநோயைப் பிசாசின் பிடி என்று விசாரணையின்றித் தீர்ப்பவரும் நம்மிடையேயும் உளர்.

இக்குறைகளை நிரப்ப நமக்குத் திருமறையே துணைநிற்கிறது. சூரைச்செடியின் கீழ்ச் சாவை வேண்டிப் படுத்த எலியாவுக்கு முதலில் கிடைத்தது கண்டனமன்று. உறக்கமும் அடையும் தண்ணீருமே. பின்னும் ஒருமுறை உறக்கமும் உணவும் அளிக்கப்பட்டன. ஓரேபை அடைந்த பின்னரே கடவுள் வினவுகிறார். அவன் முறையீட்டை இருமுறையும் கேட்கிறார். அதன்பின் பணியும், எலிசா என்னும் துணையும் அருளப்படுகின்றன. தானொருவனே எஞ்சினேன் என்ற அவன் எண்ணமும் திருத்தப்படுகிறது. உடல், உள்ளம், சமூகம், அழைப்பு அனைத்தும் இங்கு உள. அவற்றுக்கு ஓர் ஒழுங்கும் உளது.

எனவே போதகர் நோயறிபவர் என்பதை நாம் ஏற்கலாம். அவர் ஒருவரே நோயறிபவர் என்பதை ஏற்கலாகாது. உறக்கத்தையும் உணவையும் மருந்தையும் வீட்டு நிலையையும் விசாரித்தல், உயிர்மாய்ப்பு எண்ணம் உண்டா என்று அஞ்சாது கேட்டல், தேவையானபோது காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் ஆகியவையும் மேய்ப்புப் பணியே. அவ்வாறு அழைத்துச் சென்றபின் போதகரின் கடமை முடிவதில்லை. தம் துன்பத்துக்கு நோயுற்றவர் தாமே என்ன பெயர் இடுகிறார் என்பதைப் பொறுமையோடு கேட்டறியும் வேலை எஞ்சியிருக்கிறது. புரூய்சரின் ஏழு கருப்பொருள்கள் அதற்கு நல்ல செவியாகப் பயன்படும். தீர்ப்பு எழுதும் கோலாக அவற்றைக் கையிலெடுத்தல் தகாது.