தாந்தேயின் நரகம்: கண்ணாடி காட்டாத பக்கம்

தாந்தேயின் 'இன்ஃபெர்னோ' பற்றி இணையத்தில் தேடினால் முதலில் கிடைப்பது ஒரு அட்டவணைதான். இன்ன பாவம், இன்ன வட்டம், இன்ன தண்டனை. என்னை மாதிரி மென்பொருள் ஆட்களுக்கு அது ரொம்ப வசதி. உள்ளீடு கொடுத்தால் வெளியீடு வந்துவிடும். ஆனால் நூலை வரிசையாகப் படித்தால், அந்த அட்டவணை பாதி உண்மைதான் என்று புரிகிறது.

பாவத்தையே பிரதிபலிக்கும் தண்டனைக்கு தாந்தே பயன்படுத்தும் சொல் 'கொந்த்ரபாஸோ'. அது ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது, 28-ஆம் பாடலின் கடைசி வரியில். அதைச் சொல்வது தாந்தேயும் இல்லை, வழிகாட்டி வெர்ஜிலும் இல்லை. தண்டனை அனுபவிக்கிற பெர்ட்ரான் தெ போர்ன்! 12-ஆம் நூற்றாண்டுக் கவிஞர். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றிக்கு எதிராக அவர் மகனையே தூண்டிவிட்டார் என்பது குற்றம். அப்பாவையும் பிள்ளையையும் பிரித்தவர், வெட்டுண்ட தன் தலையை லாந்தர் விளக்கு மாதிரி கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறார்.

இந்தச் சொல்லுக்கு ஒரு முன்கதை உண்டு. செய்ததையே திருப்பிச் செய்வதுதான் நீதி என்று பித்தகோரஸ் வழிவந்தவர்கள் சொன்னதை, அது போதாது என்று அரிஸ்டாட்டில் மறுத்தார். தாமஸ் அக்வினாஸும் அதே விவாதத்தை இந்தச் சொல்லின் லத்தீன் வடிவத்தை வைத்தே நடத்தினார். அதாவது, 'கண்ணுக்குக் கண்' போதுமா என்று ஏற்கனவே சந்தேகிக்கப்பட்ட ஒரு சொல்லைத்தான் தாந்தே ஒரு பாவியின் வாயில் வைக்கிறார்.

அடுத்து, எல்லாத் தண்டனையும் ஒரே சூத்திரத்தில் வருவதில்லை. காமத்தின் வேகத்தில் அடித்துச் செல்லப்பட்டவர்களைப் புயல் அடித்துச் செல்கிறது. இது பாவத்தின் தொடர்ச்சி. எதிர்காலத்தைப் பார்க்க முயன்ற சோதிடர்களுக்குத் தலை பின்பக்கம் திரும்பியிருக்கிறது, இது நேரெதிர். வெளிவேடக்காரர்களுக்கு வெளியே தங்கமுலாம், உள்ளே ஈயம் என்று கனமான அங்கி. இது பாவத்தின் படம். மூன்றும் வேறு வேறு கணக்கு.

இதில் என்னை ரொம்பத் தொந்தரவு செய்வது 13-ஆம் பாடல். தற்கொலை செய்துகொண்டவர்கள் முள்மரங்களாக நிற்கிறார்கள். உடலை வேண்டாம் என்று எறிந்தவர்களுக்கு மனித உடல் இல்லை. இறுதித் தீர்ப்புக்குப் பிறகும் அவரவர் உடல் அவரவர் மரத்திலேயே தொங்கும். தர்க்கத்தில் ஓட்டையே இல்லை. ஆனால் அங்கே பேசும் மரம் யார்? பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் அமைச்சராக இருந்த பியெர் தெல்லா வின்யா. அரசவைப் பொறாமையால் பழி விழுந்தது, நான் துரோகம் செய்யவில்லை என்கிறார். எழுத்தாலேயே உயர்ந்த மனுஷன், இப்போது கிளையை ஒடித்தால்தான் பேச முடியும். ரத்தமும் சொல்லும் ஒரே காயத்திலிருந்து வருகின்றன. கேட்டுக்கொண்டிருக்கும் தாந்தேக்கு இரக்கத்தில் பேச்சே வரவில்லை. மேற்கொண்டு நீங்களே கேளுங்கள் என்று வெர்ஜிலிடம் சொல்லிவிடுகிறார்.

இங்கேதான் கண்ணாடியின் குறை தெரிகிறது. தண்டனை செயலை மட்டும் காட்டுகிறது, காரணத்தைக் காட்டுவதில்லை. ஒரு முழு வாழ்க்கையை ஒரு கணத்துக்குள் சுருக்கி, அதையே நிரந்தரமாக்கிவிடுகிறது.

அப்படிச் சுருக்கப்படுவது எப்படி இருக்கும் என்று தாந்தேக்கு நன்றாகவே தெரியும். பதவியில் இருந்தபோது ஊழல் செய்தார் என்று 1302 ஜனவரியில் ஃபிளாரன்ஸ் நகரம் அவருக்கு 5,000 ஃபுளோரின் அபராதமும் நாடுகடத்தலும் விதித்தது. மார்ச்சில், பிடிபட்டால் உயிரோடு எரிக்க வேண்டும் என்று இன்னொரு தீர்ப்பு. நரகத்தில் அதே ஊழல் குற்றத்துக்குக் கொதிக்கும் கீல். இரண்டு பாடல்கள் முழுக்க அந்த இடத்திலேயே போகின்றன. அங்கிருக்கும் பேய்கள் கடைசியில் தாந்தேயையே துரத்த, வெர்ஜில் அவரைத் தூக்கிக்கொண்டு சரிவில் சறுக்கித் தப்பிக்கிறார். இதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அதனால் என் வாசிப்பு இதுதான்: தண்டனை மனிதனைச் சுருக்குகிறது, பேச்சு அவனைத் திரும்ப விரிக்கிறது. தாந்தே தீர்ப்பை எங்கேயும் மாற்றவில்லை. ஆனால் தீர்ப்பு விட்டுவிட்டதைச் சொல்ல பியெருக்கு வாய் கொடுத்திருக்கிறார். அட்டவணையில் இந்தப் பேச்சுக்கு ஒரு கட்டம் கிடையாது. முழு நூலுக்கும் நேரமில்லை என்றால், 13-ஆம் பாடலை மட்டுமாவது படித்துப் பாருங்க.