செருப்பின் படமும் தைத்த கையும்

பீளமேட்டில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். ஆடை வடிவமைப்புப் படிக்கிற நம்ம தம்பி ஒருவன் செல்போனைத் திறந்து தான் சேர்த்து வைத்திருக்கும் படங்களைக் காட்டினான். ஜப்பான் தையல், ஆப்பிரிக்க மணி வேலை, பவானி ஜமக்காளத்துக் கோடுகள் என்று ஐந்நூறு படங்களாவது இருக்கும். எல்லாம் நிறம் நிறமாகப் பிரித்து அடுக்கப்பட்டிருந்தன. இப்படிச் சேர்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் புதிதாக ஒன்று தோன்றுமாம். 'மூட் போர்டு' என்கிறார்கள்.

அதில் ஒரு தோல் செருப்பு. 2025 ஜூனில் மிலான் நகரத்து ஆடை அணிவகுப்பில் பிராடா கம்பெனி காட்டியது. "எங்க அப்பாரும் செருப்புத் தைப்பாருங்ண்ணா" என்றான் தம்பி. அந்தப் படம் எங்கே என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "அதைப் போட்டா எங்கிருந்து எடுத்தேன்னு கேப்பாங்க. எங்க ஊட்டுலதான்னு சொன்னா மத்ததெல்லாம் தானா தெரிஞ்சிருமுங்ண்ணா."

வடிவமைப்பு பற்றிய நம் விமர்சனம் இந்தப் பதிலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

படம் சேர்ப்பது யாருக்கும் கெடுதல் இல்லாத வேலை போலத் தெரிகிறது. ஆனால் அங்கே நடப்பது என்ன? தைத்த கை, பதப்படுத்திய ஆவாரம்பட்டைத் தொட்டி, கொடுத்த கூலி, கொடுக்காத கூலி எல்லாவற்றிலிருந்தும் செருப்பு தனியாக வெட்டி எடுக்கப்படுகிறது. 'பழுப்பு', 'எளிமை', 'கிராமியம்' என்று அதன்மேல் பெயர் ஒட்டப்படுகிறது. அதற்குப் பிறகு அது யாருக்கும் சொந்தமில்லாத அழகு. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

பிராடா எடுத்துக்கொண்டது அப்படித்தான். மேடையில் வந்தது கொலாப்பூர் செருப்பின் அச்சு. மகாராஷ்டிரத்தில் நான்கு, கர்நாடகத்தில் நான்கு என எட்டு மாவட்டங்களுக்கு 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பொருள் அது. தலைமுறை தலைமுறையாக அதைத் தைத்து வருபவர்களில் பெரும்பாலோர் தோல் தொழில் செய்யும் தலித் மக்கள். பிராடாவோ வெறும் 'தோல் செருப்பு' என்றது. கண்டனம் கிளம்பிய பிறகுதான் இந்தியக் கைவினையிலிருந்து தூண்டுதல் பெற்றதாக ஒப்புக்கொண்டது. 2025 டிசம்பரில் இரு மாநிலத் தோல் தொழில் வளர்ச்சிக் கழகங்களோடு ஒப்பந்தம் போட்டது. 2,000 ஜோடி, ஜோடி ஏறத்தாழ 800 யூரோ என்று அறிவிப்பு வந்தது. தட்டிக் கேட்டதால்தான் இந்த அளவாவது நடந்தது. ஆனால் அந்தச் சண்டையில் பெரிதாகக் கேட்டது 'இந்தியப் பாரம்பரியம் திருடு போச்சு' என்ற குரல். செருப்புத் தைத்தவனைத் தீண்டாமல் வைத்திருந்ததும் அதே பாரம்பரியம்தான் என்பதை அந்தக் குரல் சொல்லவில்லை.

கொங்கு நாட்டிலும் இதே கதைதான். கவலை இறைத்த காலத்தில் கிணற்றுக்குத் தோல் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர். அந்தத் தோல் இல்லாமல் தோட்டத்துக்குத் தண்ணி ஏறியிருக்காது. செருப்புத் தைத்தவர்கள் அதே செருப்பைப் போட்டுக்கொண்டு ஊர்த்தெருவில் நடக்க முடியவில்லை. கரண்ட் மோட்டார் வந்து கவலை போனது. கோயம்புத்தூர் என்றால் நூற்பாலை, பம்ப்செட் என்று பெருமை பேசுகிறோம். அதற்கு முந்தைய தோல் வேலையைப் பற்றி யார் பேசுகிறார்கள்? வண்டிச் சக்கரம் மட்டும் ஓட்டல் வாசலில் அழகுக்கு நிற்கிறது.

வேறு மாதிரியும் சேர்க்க முடியும். உன்னமதி சியாம சுந்தர் செய்து காட்டியிருக்கிறார். சங்கர் 1949இல் வரைந்த கேலிச்சித்திரத்தில் அம்பேத்கர் நத்தைமேல் உட்கார்ந்திருப்பார், நேரு சாட்டையோடு பின்னால் நிற்பார். அது பள்ளிப் பாடநூலில் இருப்பதை 2012இல் நாடாளுமன்றத்தில் தொல். திருமாவளவன் எழுப்பினார். 'நகைச்சுவையைப் புரிந்துகொள்ளத் தெரியாதவர்கள்' என்று நமக்குப் பாடம் நடத்தினார்கள். சியாம சுந்தர் பழைய பத்திரிகைகளைப் புரட்டி, 1932 முதல் 1956 வரை அம்பேத்கரைப் பற்றி வந்த நூற்றுக்கும் மேற்பட்ட கேலிச்சித்திரங்களைத் திரட்டினார். 2019இல் நவயானா அதைப் புத்தகமாக்கியது. எந்தப் பத்திரிகை, எந்த நாள், வரைந்தவர் யார், அன்று நடந்தது என்ன என்று ஒவ்வொரு படத்துக்கும் சேர்த்துச் சொன்னார். தனித்தனியாகப் பார்த்தபோது நகைச்சுவையாக இருந்தது, வரிசையாக வைத்தபோது சாதிப் புத்தியாகத் தெரிந்தது. படத்தை இடத்தோடும் ஆளோடும் சேர்த்து வைத்ததால் வந்த பலன் இது.

அப்படியானால் தம்பியும் பெயர் சொல்லிப் படத்தை வைக்க வேண்டியதுதானே என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். நான் சொல்ல மாட்டேன். பிராடா இடத்தை மறைத்தது லாபத்துக்காக. தம்பி மறைப்பது பயத்தால். இரண்டும் ஒன்றல்ல. 2009இல் வந்த 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு அருந்ததியர் பிள்ளைகளுக்குக் கல்லூரி வாசலைத் திறந்தது. உள்ளே போனவன் தன் வீட்டுப் படத்தை வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டியிருக்கிறது என்றால், குறை அவனிடம் இல்லை, அந்த வகுப்பறையிடம் இருக்கிறது.

அவனைத் தனியாக விட்டுவிட்டுத் தைரியம் பேசுவதில் அர்த்தமில்லை. ஆகவே இந்த வேலையை நாம் கூட்டாகச் செய்ய வேண்டும். தோல் தைத்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் சம்மதத்தோடு, அவர்கள் சொல்கிற பெயரில், என்ன தோல், எத்தனை நாள் வேலை, யாருக்குத் தைத்தது, என்ன கொடுத்தார்கள் என்று படத்தோடு எழுதி வைக்க வேண்டும். நூறு வீட்டுப் படங்கள் ஒன்றாக இருந்தால் தம்பி தன் வீட்டுப் படத்தை எடுத்து வைக்கும்போது அது அவன் ஒருவனைக் காட்டிக்கொடுக்கிற படமாக இருக்காது. "எங்கிருந்து எடுத்தே?" என்று கேட்கிறவர்தான் அதற்குப் பிறகு கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.