தபால் அட்டையில் இல்லாத சேலை

மலையகப் பெண் என்ன உடுத்தினாள் என்று கேட்டால் இப்போது எல்லோரும் பழைய தபால் அட்டையைக் காட்டுகிறார்கள். பெரிதாக அச்சிட்டு ஹோட்டல் சுவரில் மாட்டுகிறார்கள், அதைப் பார்த்துச் சேலை வடிவமைக்கிறார்கள், நம் பாட்டிமாரின் உடை வரலாறே அதுதான் என்று எழுதவும் செய்கிறார்கள். பொல்பிட்டியவில் பழைய உடுப்பு வாங்கி விற்பவள் நான். நாள் முழுக்கத் துணியைத் தொட்டுப் பார்ப்பவளுக்கு அந்தப் பேச்சு பொறுக்கவில்லை.

அந்தக்காலப் புகைப்பட நிறுவனங்களான ஸ்கீன், ஸ்கோவன் எடுத்த படங்களை வாசகர் அறிவர். 1890இல் தொடங்கிய பிளாட்டே நிறுவனத்தின் அட்டைகளையும் அறிவர். 1875இல் இலங்கை வந்த புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் 1879இல் டிக்கோயாப் பக்கம் இறந்து, பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கமானார். அவர் இங்கே எடுத்த படங்களில் கொஞ்சமே மிஞ்சியிருக்கின்றன. இவர்களுடைய கண்ணாடித் தகடு நீலத்தை வெளுப்பாக்கும், சிவப்பையும் மஞ்சளையும் இருட்டாக்கும். எல்லா நிறத்தையும் உணரும் தகடு விற்பனைக்கு வந்ததே 1906இல்தான். அரக்குச் சேலையும் கறுப்புச் சேலையும் அந்தப் படங்களில் ஒன்றுதான். அட்டைக்குப் பிறகு பூசிய வண்ணத்தை எப்படி நம்புவது? நகை அடுக்கித் திரைக்கு முன் நிறுத்தப்பட்ட அந்தப் பெண், விடியலில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு ஓடியவள் அல்ல. கம்பளியைத் தலையோடு போர்த்திக் கொங்காணி போட்டு, இடுப்பில் படங்கு கட்டி, மழையோடு மலைக்கு ஏறியவளின் உடுப்பு அதில் எங்கே?

1932இல் வந்த தேயிலைப் பிரசார சபையின் சுவரொட்டிகள் அவளுக்குக் கூடையும் சிரிப்பும் கொடுத்தன. புகைப்படக்காரர் லயனல் வென்ட் பெருங்கலைஞர், மறுக்கவில்லை. ஆனால் துணி அவருக்கு ஒளி விழும் பரப்பு மட்டுமே. யார் காசில் வாங்கியது, எத்தனை முறை தைத்துப் போட்டது என்ற கேள்வி அவர் படங்களில் எழுவதில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருப்பவை நம் ஊர் ஸ்டூடியோப் படங்கள். 1948, 1949 குடியுரிமைச் சட்டங்கள் நாடற்றவர்களாக்கிய சனத்தை 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கணக்குப் போட்டுப் பிரித்தது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரின் கதி பிறகு. பாஸ்போட்டுக்குப் படம் வேண்டும். வாழ்நாளில் கமராவைப் பாராத கிழவிகளும் ஸ்டூடியோ நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பிரியப்போகும் குடும்பங்கள் கூடி நின்று இன்னொரு படமும் எடுத்துக்கொண்டன. பிறகு, ஒப்பாரிக் கோச்சி என்று சனம் சொன்ன ரயிலில் ஏறி, தலைமன்னார் வழியே கடல் கடந்தார்கள். ஒரே படத்தின் பிரதி ஒன்று லயத்தில், ஒன்று தமிழ்நாட்டுக் கூடலூரில்.

அந்தப் படங்களில் உடுப்பைப் படிக்கலாம். தீபாவளி முற்பணத்தில் வாங்கிய சேலையா, பொட்டணி வியாபாரியிடம் கடனுக்கு எடுத்ததா என்று படம் சொல்லாது, வீட்டில் உள்ளவர்கள் சொல்வார்கள். தோள் பொருந்தாத சட்டை இரவல் என்று படமே சொல்லும். மடிப்புக் கோடு அழியாத சேலை பெட்டிக்குள் நெடுநாள் கிடந்தது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டில் துணிக்குத் தட்டுப்பாடு. அப்போது எடுத்த படங்களில் அக்காவின் சேலை தங்கையின் பாவாடையாக மாறியிருப்பதை நான் கண்டிருக்கிறேன். நைலக்ஸ் சேலை பளபளப்பில் தனித்துத் தெரியும். அதைப் பிடித்து நிற்கும் கையின் கறையும் தெரியும், கொழுந்துக்கறை. இதைவிட மெய்யான உடை வரலாறு நமக்கு வேறெது?

மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்துப் பாடல்களைத் திரட்டினார். உடுப்பைத் திரட்ட அப்படி ஒருவர் வரவில்லை. கம்பளை பக்கம் பழைய பீக்கொக் தோட்டத்தில் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே படமும் அதில் உள்ள சேலையும் அருகருகே தொங்க வேண்டும். ஸ்டூடியோக்காரர்களின் நெகட்டிவ்கள் பூஞ்சணம் பிடிக்குமுன் கேட்டு வாங்க வேண்டும். பேத்திமார் இந்த வருடமே கேட்டு, ஒவ்வொரு படத்தின் முதுகிலும் எழுதட்டும்: சேலை யாருடையது, என்ன நிறம், எந்தக் கடை, இரவல் என்றால் யாரிடம் வாங்கியது.