மூணு வாரம், நாலு ஹோட்டல், ஒரு ரெக்கை

மதுரையில் எங்க ஏரியாவில் நல்ல சிக்கன் விங்ஸ் எங்கே கிடைக்கும்னு தம்பி கேட்டான். தெரியலைன்னு சொல்ல மனசு வரலை. மெனுவில் விங்ஸ் போட்டிருக்கும் நாலு ஹோட்டலுக்கு மூணு வாரமா மாறி மாறிப் போய்ச் சாப்பிட்டேன்.

முதல் கடையில் ஒரு விரல் தடிமனுக்கு மாவு. ரெண்டாவதில் கண்ணைப் பறிக்கும் சிவப்பு. மூணாவதில் தேன் ஊற்றி ஜிலேபி ஆக்கிட்டாங்க. நாலாவது சுமார் ரகம். சாஸை வழிச்சுட்டுப் பார்த்தப்போதான் விஷயம் புரிஞ்சது. மூணு கடையில் ரெக்கைக்குத் தோலே இல்லை!

இது சின்ன விஷயம் இல்லை. ரெக்கையில் கறி கொஞ்சம்தான். ருசி பெரும்பாலும் தோலில். சூட்டில் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு உருகி வெளியேற, தோல் காய்ந்து மொறுமொறுப்பாகும். அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் 1964ல் ஆங்கர் பார் என்ற கடையில் தெரசா பெலிசிமோ செய்ததாகச் சொல்லப்படும் விங்ஸ் இந்த ஒரு விஷயத்தை நம்பித்தான் நிற்குது. மாவு கிடையாது. ரெக்கையை ரெண்டாக வெட்டி எண்ணெயில் பொரிச்சு, மிளகாய் சாஸும் வெண்ணெயும் கலந்து புரட்டுவாங்க. தொட்டுக்க ப்ளூ சீஸ், கூட செலரித் தண்டு.

அப்போ மாவு போட்டாலே தப்பா? அப்படியும் சொல்ல முடியாது. அதே ஊரில் அதே அறுபதுகளில் ஜான் யங் என்ற கறுப்பினக் கடைக்காரர் ரெக்கையை வெட்டாமல், முழுசா மாவில் புரட்டிப் பொரிச்சு, மாம்போ சாஸ் ஊற்றி வித்தார். 1980ல் கால்வின் ட்ரில்லின் ‘நியூயார்க்கர்’ பத்திரிகையில் விங்ஸின் வரலாற்றைத் தேடி எழுதியபோது இவர் கதையும் வந்தது. ஆக, மாவு குற்றவாளி இல்லை. இல்லாத தோலுக்குப் பதிலாக மாவை நடிக்க வைக்கிறதுதான் பிரச்சினை.

ஹோட்டல்காரரை மட்டும் திட்டவும் முடியலை. கறிக்கடையில் ‘தோல் எடுத்துக் குடுங்கண்ணே’ன்னு கேட்கிறது நாமதான். எங்க அம்மா ஒரு நாளும் தோலோட வாங்கினதில்லை. தோல்னா அழுக்கு, கொழுப்பு. அந்தப் பழக்கம் ஹோட்டல் கிச்சன் வரைக்கும் போயிருக்கு.

கடைசியில் எனக்குப் பிடிச்ச ரெக்கை கிடைச்சது மெனுவில் விங்ஸே இல்லாத இடத்தில். தெருமுனை கிரில் சிக்கன் கடை. கம்பியில் முழுக் கோழி தோலோட சுத்துது. கொழுப்பு சொட்டிச் சொட்டிக் கீழே வடியுது. ரெக்கை நுனி தீக்குப் பக்கத்தில் இருப்பதால் லேசாகக் கருகி அப்பளம் மாதிரி உடையுது. அரைக் கோழி வாங்கினால் ரெக்கை ஒண்ணுதான் வரும் என்பதுதான் வருத்தம். ‘அண்ணே, ரெக்கை மட்டும் தருவீங்களா?’ன்னு கேட்டேன். சிரிச்சுட்டு, ‘மீதிக் கோழியை யாரு தம்பி வாங்குவா?’ன்னார். நியாயம்தான்.

என் தீர்ப்பு: முதல் இடம் கிரில் கடைக்கு. ரெண்டாவது, தோலை விட்டுவைத்த அந்த நாலாவது ஹோட்டல். சாஸைத் தனியாகக் கேட்டு வாங்கினால் தோல் ஊறாது. மற்ற மூணும் நல்ல பகோடா. விங்ஸ் இல்லை.

அடுத்த முறை ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி ‘தோலோடவா?’ன்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.